வேனில் சன்னல் ஓரம்

பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் சரவெடி. மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். கோபம் வந்தால் பாதியில் அணைய மாட்டேன், கடைசி வெடி வரை வெடித்துவிட்டுத்தான் ஓய்வேன் என்பதால் வந்த பெயர் அது. சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? புஸ்வாணம் என்று வைக்காமல் விட்டார்களே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

இந்த வாய்க்காகத்தான் அந்த வகுப்பும் என் தலையில் வந்து விழுந்தது. பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பாடவேளை. காதல் என்ற பேரிலும் குடும்பம் என்ற பேரிலும் நடக்கிற அடி உதையைப் பற்றிப் பேச வேண்டும். வருமுன் காப்பதற்கான பாடம். விருதுநகரில் பயிற்சி கொடுத்து, கணினியில் போட்டுக் காட்டப் படங்களும் கொடுத்து அனுப்பினார்கள். எங்கள் தலைமை ஆசிரியர் நல்ல மனிதர், ஆனால் இந்த மாதிரி விஷயம் என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். பெண் பிள்ளைகளை மட்டும் ஆய்வகத்தில் உட்கார வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள் என்றார்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. அடிக்கப் போகிறவனை மைதானத்தில் கபடி விளையாட விட்டுவிட்டு, அடி வாங்கப் போகிறவளைக் கதவுக்குள் வைத்து என்ன சார் சொல்லித் தர, என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பையன்களும் உட்காரட்டும் என்றார்.

முதல் வகுப்பு படுதோல்வி. படத்தில் ஒரு பையனும் பெண்ணும் காபிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மேலே 'டேட்டிங்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வகுப்பே கவிழ்ந்து சிரித்தது. எங்கள் பக்கம் அப்படி ஒரு சொல்லே கிடையாது. இங்கே 'பேசுறாங்க' என்பார்கள், அவ்வளவுதான். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள், டியூஷன் வாசலில் பேசுவார்கள், பங்குனிப் பொங்கலுக்குப் பொருட்காட்சிக் கூட்டத்தில் ராட்டினத்தைப் பார்க்கிற மாதிரி நின்று பேசுவார்கள். காபிக் கடையில் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் சித்தப்பா வந்து நிற்பார்.

கணினியை மூடி வைத்தேன். வாய்க்கு வந்ததைக் கேட்டேன். உங்கள் தெருவில் ஒரு பொம்பளை ராத்திரி புருஷனிடம் அடி வாங்கினால், மறுநாள் காலையில் என்ன நடக்கும்?

சிரிப்பு நின்றது. பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள்.

"வேன்ல சன்னல் ஓரம் விட்ருவாக டீச்சர்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஊர்க்காரர் அல்லாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்களைப் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் கூட்டிப் போகக் காலையில் கம்பெனி வேன் வரும். ஊருக்கு ஊர் நின்று ஏற்றிக்கொண்டு போகும். அதில் யாருக்கு எந்த இடம் என்பது எழுதாத சட்டம். மாறி உட்கார்ந்தால் அன்றைக்கு முழுக்கப் பேச்சு வாங்க வேண்டியதுதான். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. முந்தின ராத்திரி அடி வாங்கியவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏறினால், சன்னல் ஓரத்தில் இருப்பவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து இடம் விடுவாள். அவள் வெளியே பார்த்துக்கொண்டே வரலாம். அழுதால் காற்றில் காய்ந்துவிடும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதுதான் மரியாதை.

என் அம்மாவும் அந்த வேனில் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தாள். சன்னல் ஓரத்தைப் பற்றி எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள், ஆளுக்கொரு போன் வைத்திருக்கிற பிள்ளைகள், அவர்களுக்கும் அது அப்படியே தெரிந்திருக்கிறது என்பதுதான் என்னை உலுக்கியது.

இடம் விடுவது நல்ல பழக்கம், அதை நான் குறை சொல்ல மாட்டேன் என்றேன். சரி, யாராவது வாயைத் திறந்து கேட்டால் முதலில் என்ன கேட்பார்கள் என்றேன். யோசிக்கவே இல்லை. பையன்களும் பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்: "நீ என்ன செஞ்ச?"

அன்றைக்குச் சரவெடி கொளுத்தப்பட்டது. உன் சைக்கிளை ஒருத்தன் திருடிப் போனால், நீ என்னடா செஞ்ச என்றா கேட்பார்கள்? நாய் கடித்தவனிடம் நாயை என்ன பேசினாய் என்றா கேட்பார்கள்? மணி அடித்ததும் தெரியவில்லை, அடுத்த பாடத்துக்கு வந்த கணக்கு வாத்தியார் வாசலில் நின்றதும் தெரியவில்லை. கடைசியில் சொன்னேன். இந்த வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். அடிபட்டவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

அப்போது ஒருத்தன் கை தூக்கினான். வேதியியலில் பாஸ் மார்க்கைத் தொட்டுவிட்டு அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்காத பையன்.

"அப்ப அந்தக் கேள்விய என்ன டீச்சர் செய்ய? வீணாப் போகவா? அடிச்சவன்கிட்ட கேட்டாச் சரியா இருக்கும்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவனுக்கு அதுவரை நான் போட்ட மார்க்குகளை எல்லாம் திருத்தி எழுதலாமா என்று இருந்தது. அதன் பிறகு வந்த வகுப்புகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் ஓடின.

வாராவாரம் பழகினோம். ஒருத்தர் அடிபட்டு வந்தவராக உட்கார, இன்னொருத்தர் போய்க் கேட்க வேண்டும். வலிக்கிறதா என்று கேள், நான் கூட இருக்கிறேன் என்று சொல், யாரிடம் சொல்ல வேண்டுமோ சேர்ந்தே போவோம் என்று சொல். கேட்கச் சுலபம். முதல் மாதம் ஒருத்தராலும் சிரிக்காமல் சொல்ல முடியவில்லை. அடி விழுவதற்கு முன்னால் நடப்பதையும் பேசினோம். அவனோடு பேசாதே, இந்தச் சுடிதாரைப் போடாதே, போனை ஏன் உடனே எடுக்கவில்லை, பாஸ்வேர்டைக் கொடு, கொடுக்காவிட்டால் கையை அறுத்துக்கொள்வேன். ஒரு பையன், பாசத்தில்தானே போனை வாங்கிப் பார்க்கிறோம் என்றான். உன் அம்மாவுக்கும் உன் மேல் பாசம்தான், இன்றைக்குச் சாயங்காலம் உன் போனைத் திறந்து அவர் கையில் கொடு பார்ப்போம் என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து வகுப்பே மேசையைத் தட்டியது.

இங்கே பேசியதை வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்புவேன். அதனால் வந்த வம்பும் உண்டு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நிலபுலன் உள்ள ஒரு அப்பா புல்லட்டில் வந்து இறங்கி, பிள்ளைகளுக்கு லவ் பண்ணச் சொல்லித் தருகிறீகளாமே என்று கேட்டார். அது அவர்களுக்கே தெரியும், அடிக்காமல் இருக்கத்தான் நான் சொல்லித் தருகிறேன் என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுவாரமும் அவர் மகன் வகுப்புக்கு வந்தான்.

இனி ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு, முதல் பெஞ்சு. அம்மா பட்டாசு ஆலையில் வேலை, அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆய்வகத்தில் அவள் கை ஒரு தனிக் கை. நிறம் மாறுகிற இடத்தில் ஒரு சொட்டு கூடாமல் நிறுத்துவாள். மற்றவர்கள் மூன்று தரம் செய்வதை ஒரே தரத்தில் முடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் செய்து கொடுப்பாள். அப்படிப்பட்ட கை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சொன்னபடி கேட்கவில்லை. பியூரெட்டின் திருகைத் திருப்ப முடியவில்லை. மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். என்ன என்று கேட்டதற்கு, சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றாள். அவளுக்குச் சைக்கிள் கிடையாது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று தோழிகள் அவளை நடுவில் விட்டு ஆய்வகத்துக்குக் கூட்டி வந்தார்கள். காலையில் பஸ்ஸில் அவள் கடைசி ஆளாகத் தலை குனிந்து ஏறியதைப் பார்த்ததும் ஒருத்தி எழுந்து சன்னல் ஓரம் விட்டிருக்கிறாள். மற்றவர்களும் பேசாமல் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு நிறுத்தம் தாண்டியதும் அந்த எழுந்தவளுக்கே உறைத்திருக்கிறது, நாமும் வேன் மாதிரியே செய்கிறோமே என்று. அங்கேயே, அந்த நெரிசலிலேயே, வகுப்பில் பழகிய கேள்விகளை இவள் காதோடு கேட்டிருக்கிறார்கள். இந்த முறை யாருக்கும் சிரிப்பு வரவில்லையாம்.

அவள் பேசிக்கொண்டிருந்த பையன் சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன். முதலில் நன்றாகத்தான் இருந்திருக்கிறான். பிறகு போனை வாங்கிப் பார்த்தான். பிறகு ஒரு தரம் கன்னத்தில் அறைந்தான். முந்தின நாள், வகுப்புப் பையன் ஒருத்தனிடம் ரெக்கார்டு நோட்டு வாங்கியதற்காகப் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கையைப் பிடித்து முறுக்கியிருக்கிறான். இதையெல்லாம் அவள் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். ஒரு இடத்தில்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திருவாக டீச்சர். அதுக்கு அவன் அடிச்சாக் கூடப் பரவாயில்ல."

பயிற்சியில் இந்த முடிச்சை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எங்கள் ஊரில் ஒரு பெண் அடி வாங்கினேன் என்று சொன்னால், பேசினேன் என்று சொன்னதாகும். பேசினாள் என்று தெரிந்த மறுநாள் புத்தகப் பை பரணுக்குப் போகும், போன் அப்பா சட்டைப் பைக்குப் போகும், தாய்மாமன் வீட்டுக்கு ஆள் போகும். அடித்தவன் வழக்கம்போல வேலைக்குப் போவான். அதனால் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்த்து, அடியே மேல் என்று இருந்துவிடுகிறார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. உன் படிப்பு போகாது, நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அவள் அப்பாவை நான் பார்த்ததுகூட இல்லை.

தலைமை ஆசிரியரிடம் போனேன். கண்ணாடியைத் துடைப்பார் என்று எதிர்பார்த்தேன். துடைக்கவில்லை. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அவரே போன் போட்டு, எழுந்து நின்று பேசினார். பதினெட்டு வயது ஆகாத பெண் என்பதால் மூடி மறைக்க வழியில்லை, நாளைக்கே வருகிறோம், இரண்டு வீட்டாரிடமும் பேச வேண்டும் என்றார்கள். வெளி ஆட்கள் வந்து சொல்வதற்கு முன்னால் அவள் அம்மாவுக்கு அவள் வாயாலேயே தெரிய வேண்டும் என்று நினைத்தேன். சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு அவர்கள் ஊர் வேன் நிறுத்தத்தில் போய் நின்றேன்.

வேன் வந்தது. பெண்கள் இறங்கினார்கள். அலுமினியப் பொடி அப்பி எல்லாருடைய கைகளும் வெள்ளி பூசின மாதிரி இருந்தன, எவ்வளவு கழுவினாலும் நகக் கண்ணில் நிற்கும். அவள் அம்மா சிரித்துக்கொண்டே இறங்கியவர், என்னையும் மகளையும் பார்த்ததும் சிரிப்பை விட்டார். நான் பாடம் நடத்துகிற தோரணையில் ஆரம்பித்தேன். இரண்டு வரி தாண்டவில்லை, அவளே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வேனிலிருந்து இறங்கிய பெண்கள் யாரும் நகரவில்லை.

அம்மாவின் வாய் "நீ" என்று தொடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வகுப்பில் தடை போட்ட கேள்வி இந்தா வருகிறது என்று நினைத்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் மகளின் பக்கம் ஒரு எட்டு எடுத்து வைத்திருந்தார்.

"எந்தக் கையி?" என்று கேட்டார்.

அவள் கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினாள். அம்மா அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டார். விட்டபோது கன்றிப்போன தோல் மேல் அவர் விரல் பதிந்த இடமெல்லாம் வெள்ளியாக இருந்தது.

பக்கத்தில் நின்ற பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னார். பஸ்ஸில் இடம் விட்டவளின் அம்மா அவர். மகள் வாராவாரம் வகுப்பில் நடப்பதை வீட்டில் வந்து சொல்லுவாளாம், இவர் மறுநாள் வேனில் சொல்லுவாராம். அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது வேன் முழுக்க எல்லாருக்கும் தெரியுமாம். நான் நூறு பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமல் ஒரு வேனும் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அந்த நிமிஷம் எனக்கு வந்த பெருமை வேறு எதிலும் வந்ததில்லை.

ஆனால் அம்மாவுக்குப் புருஷனை நினைத்து அடுத்த பயம் வந்துவிட்டது. அவுக கிட்ட யாரு சொல்ல, என்று கேட்டார். இடம் விட்டவளின் அம்மா, கிளம்பக் காத்திருந்த வேனின் கதவைத் திரும்பத் திறந்தார். எல்லாரும் ஏறினார்கள். டீச்சர் நீங்களும் ஏறுங்க என்றார்கள். அந்த வேன் ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போகிற வேன், தெருவுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, தெருவுக்குள் திருப்பினார். நான் இரண்டு பேருக்கு நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்தேன். வேனில் வெடிமருந்து வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் கலந்து அடித்தது. என் அம்மாவின் சேலை வாசனை.

அவள் அப்பா குளித்துவிட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குடிக்கிற ஆள் இல்லை. தெருவில் மரியாதையான மனுஷர். ஒரு வேன் பெண்கள் இறங்குவதைப் பார்த்து எழுந்து நின்றார். நான்தான் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். அவர் முகம் சிவந்தது. எம் புள்ள மேல கை வைக்க அவன் யாரு என்று கத்தினார். அப்பனுக்கு வருகிற நியாயமான கோபம்தான், நானும் மனசுக்குள் தலையாட்டினேன். ஆனால் அந்தக் கோபம் போய் விழுந்த இடம் வேறு. நாளையிலிருந்து இவள் வெளியே போக வேண்டாம், பள்ளிக்கூடத்தோடு சங்காத்தம் முடிந்தது என்றார்.

அடிச்சவன் எவனோ, படிப்ப இவ எதுக்கு விடணும் என்று ஒரு பெண் கேட்டார். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"டீச்சர், பொறந்ததுலருந்து நான் இவள ஒரு அடி அடிச்சதில்ல. கேட்டுப் பாருங்க."

நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னார். உண்மையும் அதுதான், மகளே தலையை ஆட்டினாள். சரவெடி நமத்துப் போய்விட்டது. அப்போது அவர் மனைவி முன்னால் வந்தார். சத்தம் போடவில்லை. மரியாதை குறையவில்லை.

"அவள அடிக்கல. அவ பாக்க என்னைய அடிச்சீக. வாங்கிக்கிட்டு வாயத் தொறக்கக் கூடாதுன்னு அவ இந்த வீட்டுலதான் படிச்சா. பள்ளிக்கூடத்துல வேற படிச்சிருக்கா. அத நிறுத்தாதீக."

வேனிலிருந்து வந்த அத்தனை பெண்களும் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் சன்னல் ஓரத்தில் உட்காராதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தெருமுனைப் பக்கம் நடந்து போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெண்களில் இரண்டு பேர் தங்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு அன்றிரவு அந்த வீட்டிலேயே படுத்துக்கொண்டார்கள். அதை நான் சொல்லித் தரவில்லை, அவர்களுக்கே தோன்றியிருக்கிறது.

மறுநாள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்த பெண் அலுவலரோடு அச்சகத்துக்குப் போனேன். அவன் என்னைப் பார்த்ததும் மையும் கையுமாக எழுந்து, வணக்கம் டீச்சர் என்றான். எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன், என்னிடம் இரண்டு வருஷம் வேதியியல் படித்தவன். அவன் காலத்தில் இந்த வகுப்பு கிடையாது. நீ என்ன செஞ்ச என்று கேட்டேன். அவதான் டீச்சர், என்று ஆரம்பித்தான். அவளைப் பற்றிக் கேட்கவில்லை என்றேன். சும்மா விளையாட்டுக்கு, என்றான். மறுபடியும் அதையே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "கையப் புடிச்சு முறுக்குனேன்" என்றான். அதைச் சொல்ல வைத்ததில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அந்த அலுவலர் சட்டம் என்ன செய்யும் என்பதை அவனுக்கும், பிறகு இரண்டு வீட்டாருக்கும் எடுத்துச் சொன்னார். விருதுநகருக்கு ஆலோசனைக்குப் போய் வருகிறான் என்று கேள்வி. அவள் போகிற வழியில் அதன் பிறகு வந்ததில்லை. திருந்தினானா என்பது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை வந்தது. காலை பஸ்ஸில் தோழிகள் மூன்று பேரும் வந்தார்கள், அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது என்றார்கள். நான் வருகைப் பதிவை எடுத்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். அவள் பெயர் வந்தது. பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். பையன்கள்கூட வாசலைத்தான் பார்த்தார்கள். அடுத்த பெயருக்குப் போனபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நான் பொறுப்பு என்று சொன்னவள் நான். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதிவேட்டை மூடப் போகும்போது கேட் பக்கம் மொபெட் சத்தம். அவள் அப்பா. பின்னால் இருந்து அவள் இறங்கினாள், தோளில் புத்தகப் பை, கைக்குட்டை இல்லாத கை. அவர் வகுப்பு வாசல் வரை வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கரும்பலகையைப் பார்த்துச் சொன்னார்.

"வண்டி பஞ்சர் டீச்சர். லேட்டாயிருச்சு. அவள வையாதீக."

போய்விட்டார். நான் பதிவேட்டைத் திரும்பத் திறந்து அவள் பெயரைக் கூப்பிட்டேன். உள்ளேன் டீச்சர் என்றாள். பாஸ் மார்க் பையன் மேசையைத் தட்ட ஆரம்பித்தான், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த அறையிலிருந்து கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்தார். சத்தம் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை.

அவள் நல்ல மார்க் எடுத்தாள். மதுரையில் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். வகுப்பு இப்போதும் நடக்கிறது, வாராவாரம், பையன்களும் பெண்களும் சேர்ந்து. முதல் நாள் என்ன கேட்பேன் என்று இப்போது பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கிறது, அக்கா அண்ணன்மார் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நான் வேறு கேள்வி தேட வேண்டியிருக்கிறது.

போன மாதம் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அவள் அம்மாவைப் பார்த்தேன். மகளைப் பார்க்க மதுரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், கையில் முறுக்கு டின். வீட்டில் எப்படி என்று கேட்டேன். கோவம் வந்தாக் கை ஓங்குதாரு, வேன் ஞாபகம் வருமோ என்னமோ, எறக்கிருதாரு என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை முழுசாக நம்பலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒண்ணுன்னா வேனுல சொல்லிருவேன் டீச்சர் என்றார். இப்போதெல்லாம் யாராவது தலைப்பைப் போர்த்திக்கொண்டு ஏறினால், அவளிடம் கேட்டு முடிக்கிற வரைக்கும் வண்டியை எடுக்க விடுவதில்லையாம்.

அப்படியானால் சன்னல் ஓரத்தில் யார் உட்காருகிறார்கள் என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் இப்பச் சண்டை. முறை வச்சிருக்கோம், வெள்ளிக்கிழமை எம் முறை. அங்கன எம்புட்டுக் காத்து வரும்னு எனக்கு இப்பத்தான் தெரியுது டீச்சர்."